தொழிற்கல்விக்கு எந்த ஆங்கிலம் தேவை?



நமது இதழில் வரி, உரிமம், எடை அளவு, சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதி வருகிறோம். இம்முறை ஆங்கிலப் பாடத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். பள்ளிப் படிப்போடு நின்ற ஒரு மொத்த வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நமது கடையில் பணம் போனது இந்த வழியில்தான். அதனால் எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பர்மாவிலிருந்து இரண்டு கன்டெய்னர் உளுந்து வரவழைத்திருந்தோம். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் திருவொற்றியூர்க்காரன். பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு படித்து டிப்ளமோ வாங்கியவன். கணக்கில் கெட்டிக்காரன். காலையில் நமக்கு முன்னால் கடைக்கு வந்துவிடுவான். கப்பல் கம்பெனியிலிருந்து வந்த அறிவிப்பில், இத்தனை நாட்களுக்குள் காலிப் பெட்டியைத் திருப்பித் தந்தால் வாடகை இல்லை என்றும், அந்த நாட்களை 'டேட் ஆஃப் டிஸ்சார்ஜ்' முதல் எண்ண வேண்டும் என்றும் கண்டிருந்தது. பையன் அதைப் படித்துக் காலண்டரில் கடைசி நாளைக் குறித்து வைத்தான். குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்பாகவே பெட்டிகளைத் திருப்பியும் அனுப்பினான். ஆனால் ஐந்து நாள் தாமதம் என்று டாலரில் கணக்குப் போட்டு டிட்டென்ஷன் பில் வந்து சேர்ந்தது.

கூப்பிட்டுக் கேட்டோம். "ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ்னா வீட்டுக்கு அனுப்புறதுதானே, அண்ணாச்சி? பெட்டி எப்ப வெளியே வந்துச்சோ அந்தத் தேதின்னு எடுத்துக்கிட்டேன்" என்றான். கண்ணில் நீர் வந்துவிட்டது அவனுக்கு.

அவன் சொன்னதில் தவறு சொல்ல முடியவில்லை. நோயாளி ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறுவது டிஸ்சார்ஜ் என்றால், பெட்டி துறைமுகத்தை விட்டு வெளியேறுவதும் டிஸ்சார்ஜ்தானே என்று அவன் நினைத்தது நியாயமே. கப்பல் தொழிலில் அந்தச் சொல்லுக்குப் பொருள், கப்பலிலிருந்து சரக்கை இறக்குவது. இறக்கிய நாளுக்கும் பெட்டி வெளியே வந்த நாளுக்கும் இடையில் இருந்த நாட்களுக்குத்தான் நாம் பணம் கட்டினோம்.

அவனுடைய மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண்தான் வாங்கியிருக்கிறான். அப்படியானால் அவன் படித்த ஆங்கிலம் எது, நமக்குத் தேவைப்பட்ட ஆங்கிலம் எது என்ற கேள்வி அன்று எழுந்தது. அதன்பின் தெரிந்த ஆசிரியர்களையும் கிளியரிங் ஏஜென்ட்களையும் கேட்டு, நாமும் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறோம்.

பாடம் எங்கே இருக்கிறது?

தொழிற்கல்வி என்பது நம் வட்டாரத்துக்குப் புதியதல்ல. இன்று தரமணியில் இருக்கும் மத்தியப் பாலிடெக்னிக், 1916இல் நமது பிராட்வேயில் ட்ரேட்ஸ் ஸ்கூலாகத் தொடங்கியதுதான். இன்றைக்கு ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பிள்ளைகளுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஐ.டி.ஐ. ஒன்று. பாலிடெக்னிக் டிப்ளமோ மற்றொன்று. மூன்றாவது, பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் கொண்டுவந்த பி.வோக். என்னும் தொழிற்பட்டம். இதில் அறுபது பங்கு தொழில் பயிற்சியும் நாற்பது பங்கு பொதுப் பாடமும் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஓராண்டில் நின்றால் டிப்ளமோ, மூன்றாண்டு முடித்தால் பட்டம்.

இந்த மூன்றிலும் ஆங்கிலம் உண்டு. ஐ.டி.ஐ.யில் வேலைத்திறன் என்ற பாடத்துக்குள் ஒரு பகுதியாக இருக்கிறது. பி.வோக். படிப்பில் பொதுப் பாடத்தின் பங்கில் வருகிறது. பாலிடெக்னிக்கில் ஆங்கிலப் பாடம் முதலாண்டில் வருகிறது. பின்னர் வேலைத்திறன் செய்முறை போன்றவற்றில் சிறிது தலைகாட்டுகிறது.

இதில் ஒரு சிக்கல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முதலாண்டில் பையனுக்குத் தொழில் இன்னும் தெரியாது. லேத் எது, லோடு சார்ட் எது என்று அறியும் முன்பே ஆங்கிலப் பாடம் முடிந்துவிடுகிறது. தொழில் புரிந்து, கையில் ஆவணமும் இயந்திரக் குறிப்பும் வரும் மூன்றாம் ஆண்டில், ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இல்லை. பசிக்காத நேரத்தில் சோறு போட்டு, பசிக்கும் நேரத்தில் இலையை எடுப்பது போலத்தான் இது.

ஆசிரியரைக் குறை சொல்வதும் நியாயமல்ல. அவர் ஆங்கில இலக்கியம் படித்து வந்தவர். பில் ஆஃப் லேடிங் என்ற தாளை அவர் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பில்லை. யாரும் காட்டியதும் இல்லை. நாம் காட்டினோமா என்றால், நாமும் காட்டவில்லை.

மூட்டை போய்த் தாள் வந்த கதை

நாம் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து அப்பாவின் மண்டியில் உட்கார்ந்த காலத்தில் துறைமுகத்தில் சரக்கு மூட்டையாக இறங்கும். மேஸ்திரி வாயால் எண்ணுவார், கணக்குப்பிள்ளை சிட்டையில் கோடு போடுவார். மூட்டை கிழிந்திருந்தால் அங்கேயே தெரியும். ஆங்கிலம் தெரிந்தவர் அலுவலகத்துக்கு ஒருவர் இருந்தால் போதும். மற்ற எல்லாம் தமிழில் நடக்கும்.

1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம் என்று பெயர் பெற்றது அது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்பாட்டுக்கு வந்தது. 2014இல் அதற்குக் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. பக்கத்திலேயே காட்டுப்பள்ளியும் வந்தது. இதனால் வேலையின் தன்மையே மாறிப் போயிற்று. பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வழியில் யாரும் பார்ப்பதில்லை. 'செட் டு கன்டெய்ன்' என்று பில் ஆஃப் லேடிங்கில் அச்சடித்திருப்பார்கள். உள்ளே இன்னது இருப்பதாக அனுப்புகிறவர் சொல்கிறார், நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்று கப்பல் கம்பெனி கைகழுவும் சொல் அது. மூன்றே சொற்கள்தான். சரக்கு குறைந்து வந்தால் கப்பல் கம்பெனியிடம் கேட்க முடியுமா, அனுப்பியவரிடம்தான் கேட்க வேண்டுமா என்பதற்கு அந்த மூன்று சொற்களைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆக, முன்பு மூட்டையைப் பார்த்து அறிந்ததை இன்று தாளைப் பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது. தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. லாரி ஓட்டுநர், கேட் கிளார்க், கிடங்குக் காவலர், ஃபோர்க்லிப்ட் ஓட்டுபவர் ஆகிய எல்லோர் கையிலும் ஓர் ஆங்கிலத் தாள் இருக்கிறது. அலுவலகத்துக்கு ஒருவர் என்ற காலம் போய்விட்டது.

சிறு சொல், பெரிய செலவு

பெரிய பெரிய சொற்கள்தான் ஆங்கிலத்தில் கடினம் என்று நாம் நினைக்கிறோம். பெரிய சொல் வந்தால் பையன் அகராதியைப் பார்ப்பான். தெரிந்த சொல் என்று நினைத்துத் தாண்டிப் போகும் சிறு சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

எல்.சி. மூலம் வியாபாரம் செய்பவர்கள் யு.சி.பி. 600 என்ற விதிகளை அறிவார்கள். பாரிசில் உள்ள பன்னாட்டு வணிகச் சபை வெளியிட்டு, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பவை. அதன் மூன்றாம் பிரிவில் சிறு சொற்களுக்கெல்லாம் பொருள் வரையறுத்திருக்கிறார்கள். 'ஆன் ஆர் அபவுட்' என்று ஒரு தேதியைச் சொன்னால், அதற்கு ஐந்து நாள் முன்னும் ஐந்து நாள் பின்னும் செல்லும். சரக்கு ஏற்றும் காலத்தைச் சொல்லும்போது 'ஃப்ரம்' என்றால் அந்தத் தேதியும் சேரும். 'ஆஃப்டர்' என்றால் சேராது. அதே 'ஃப்ரம்' என்ற சொல், பணம் கட்ட வேண்டிய நாளை எண்ணும்போது வந்தால் அந்தத் தேதி சேராது. முப்பதாம் பிரிவின்படி, அளவுக்கு முன்னால் 'அபவுட்' என்று போட்டால் நூற்றுக்குப் பத்து கூடவோ குறையவோ இருக்கலாம்.

இவையெல்லாம் ஐந்தாம் வகுப்பில் படித்த சொற்கள்தான். ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் பணம் நிற்கிறது.

நமது தொழிலிலேயே ஒரு வேடிக்கை உண்டு. பர்மா உளுந்தில் எஃப்.ஏ.க்யூ., எஸ்.க்யூ. என்று இரண்டு தரம் இருப்பது பருப்பு வியாபாரிகள் அறிந்ததே. கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணிடம் ஒப்பந்தத்தைக் கொடுத்தோம். "எஃப்.ஏ.க்யூ.ன்னா அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் சார். இதுல கேள்வி எதுவும் காணோமே" என்று பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் படித்ததில் அப்படித்தான். நம் மண்டியில் அது 'ஃபேர் ஆவரேஜ் குவாலிட்டி'. சொல்லிக் கொடுத்த பிறகு மறக்கவே இல்லை.

பணம் போவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. மணலி, எண்ணூர்ப் பக்கம் எரிபொருளும் ரசாயனமும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. 'இன்' என்று தொடங்கினால் 'இல்லை' என்று பொருள் எனப் பையன்கள் இலக்கணத்தில் படித்திருக்கிறார்கள். 'கரெக்ட்' என்றால் சரி, 'இன்கரெக்ட்' என்றால் சரியில்லை. அந்தக் கணக்கில் 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்காதது என்று படித்த பையனே எண்ணிவிடுவான். உண்மையில் 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் எளிதில் தீப்பற்றும் என்பதே பொருள். இந்தக் குழப்பம் இருப்பதால்தான் அபாய முத்திரைகளில் 'ஃப்ளேமபிள்' என்ற சொல்லை விரும்பிப் போடுகிறார்கள். ஆனால் நம் சாலையில் ஓடும் டேங்கர்களில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. டேங்கர் பக்கத்தில் நின்று பீடி பற்ற வைக்கலாமா கூடாதா என்பதை இந்த ஒரு சொல் தீர்மானிக்கிறது என்றால், அதைக் கற்றுத் தராத ஆங்கில வகுப்பு எதற்கு?

கப்பல்காரர்கள் கண்ட வழி

நம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் பல நாட்டுக்காரர்கள் ஒன்றாக வேலை செய்கிறார்கள். பிலிப்பைன்ஸ்காரர், உக்ரைன்காரர், சீனர், நம் தூத்துக்குடிப் பையன் எல்லோரும் ஒரே கப்பலில் இருப்பார்கள். யாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. கடலில் ஒரு சொல் தவறினால் உயிரே போகும். இதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பது நமக்குப் பாடம்.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில், கப்பல் பேச்சுக்கென்று ஒரு நிலையான வாக்கியத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. கப்பலைச் செலுத்தும் அதிகாரிகள் அதைக் கற்றிருக்க வேண்டும். அதில் ஒரு விதி, இரண்டு பொருள் தரும் சொல்லைத் தவிர்ப்பது. 'மே' என்ற சொல் அனுமதியையும் குறிக்கும், நடக்கலாம் என்பதையும் குறிக்கும். ஆகவே 'மே ஐ என்டர் தி ஃபேர்வே' என்று கேட்கக் கூடாது. முதலில் 'கொஸ்டின்' என்று சொல்லிவிட்டு, 'டு ஐ ஹேவ் பெர்மிஷன்' என்று கேட்க வேண்டும். பேசத் தொடங்கும் முன்பே இது கேள்வியா, எச்சரிக்கையா, தகவலா, வேண்டுகோளா என்று ஒரு சொல்லால் அறிவித்துவிடலாம். இப்படி எட்டுச் சொற்கள் வைத்திருக்கிறார்கள்.

எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு விதி. நூற்றைம்பதை 'ஒன் ஃபைவ் ஜீரோ' என்றுதான் சொல்வார்கள். இதன் அருமை தொலைபேசியில் ஆர்டர் எடுக்கும் நமக்குத் தெரியும். 'ஃபிஃப்டீன்' என்று சொன்னதை 'ஃபிஃப்டி' என்று கேட்டுப் பதினைந்து மூட்டைக்கு ஐம்பது மூட்டை ஏற்றிவிட்ட கதை எந்தக் கடையில் இல்லை? கப்பல்காரர்கள் வழியில் 'ஒன் ஃபைவ்' என்றும் 'ஃபைவ் ஜீரோ' என்றும் சொல்லும்படி நமது கடையில் வைத்திருக்கிறோம். அதன்பின் அந்தத் தவறு நேரவில்லை.

இந்த ஆங்கிலத்தைக் குறைந்த ஆங்கிலம் என்று யாரும் இகழ்வதில்லை. பெரிய கப்பலின் கேப்டனே அதைத்தான் பேசுகிறார். வேலைக்கு வேண்டிய அளவு, பிசகில்லாமல், தெளிவாகப் பேசுவது ஒரு தகுதி என்று உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐ.டி.ஐ. பையனுக்கும் அந்தக் கௌரவம் கிடைக்க வேண்டும்.

சென்னையில் நடந்த சோதனை

இதை வகுப்பில் எப்படிக் கற்பிப்பது? இதற்கும் நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு என்பவர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் அதைப் பெங்களூர்த் திட்டம் என்று பேசுகிறார்கள். இலக்கணத்தை நேராகச் சொல்லித் தராமல், பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுப்பார்கள். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன ஊருக்கு இன்ன நேரத்தில் போய்ச் சேர எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கேட்பார்கள். காலண்டர், வரைபடம், பணக் கணக்கு என்று இப்படியே போகும். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒன்றைச் செய்வார். பிறகு அதே போன்ற இன்னொன்றைப் பிள்ளை தானாகச் செய்ய வேண்டும். மனம் வேலையில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் கொள்கை. வெளியிலிருந்து வந்தவர்கள் மதிப்பீடு செய்து 1985இல் வெளியிட்டபோது, அந்தக் கொள்கைக்கு ஓரளவு ஆதரவான முடிவே கிடைத்தது என்றார்கள். முழு வெற்றி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பாதை தெரிந்தது.

அண்ணா பல்கலைக்கழக ஆசிரியர்களும் 1990இல் பொறியியல் மாணவர்களுக்கென்று தனியே ஆங்கிலப் பாடநூல் தயாரித்தார்கள். கதை, கட்டுரையை விட்டு, தொழில்நுட்பம் படிப்பவனுக்கு வேண்டிய திறன்களை அடிப்படையாகக் கொண்ட நூல் அது. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர 1964 முதல் தரமணியில் ஒரு நிறுவனமே இருக்கிறது. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்திலும் மாணவர்களின் ஆங்கிலப் பேச்சுத் திறனுக்கு இடம் உண்டு. ஆகவே அரசும் ஆசிரியரும் அறியாத விஷயம் இல்லை இது. குறைவது ஒன்றுதான். நம் துறைமுகத்தின் தாள், நம் கிடங்கின் தாள் வகுப்பறைக்குள் போகவில்லை.

ஒரு பாடம் எப்படி இருக்கலாம் என்று சொல்கிறோம். கப்பல் வரவு அறிவிப்பு ஒன்றை மாணவர் கையில் கொடுக்க வேண்டும். சரக்கு யாருக்கு வருகிறது? எத்தனை மூட்டை? க்ராஸ் எடை எவ்வளவு, நெட் எடை எவ்வளவு? இறக்கிய தேதி எது? வாடகை இல்லாத கடைசி நாளைக் காலண்டரில் வட்டமிடு. இவ்வளவும் செய்தபின் ஒரு சிறு வேலை. தேதி தெளிவாக இல்லை என்று வைத்துக்கொண்டு, கப்பல் கம்பெனிக்கு மூன்று வரியில் மின்னஞ்சல் எழுது. 'ப்ளீஸ் கன்ஃபர்ம் தி டேட் ஆஃப் டிஸ்சார்ஜ்' என்ற ஒரு வரியை நமது பையன் எழுதத் தெரிந்திருந்தால் நமக்கு அந்த பில் வந்திருக்காது. தேர்விலும் புதிய அறிவிப்பு ஒன்றைக் கொடுத்து இதையே கேட்கலாம். மனப்பாடம் செய்து எழுத முடியாது.

தமிழும் வேண்டும்

ஆங்கிலம் ஆங்கிலம் என்று பேசுவதால் தமிழை ஒதுக்கச் சொல்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பொறியியலைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. தொழிலின் சூத்திரம் தாய்மொழியில்தான் ஆழமாகப் பதியும். டிட்டென்ஷன் என்றால் என்ன, எதற்காக அதை வாங்குகிறார்கள் என்பதைப் பையனுக்குத் தமிழில் விளக்கினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். புரிந்தபின் தாளில் உள்ள ஆங்கில வரி தானாகத் திறந்துகொள்ளும். விஷயம் புரியாமல் வரியை மட்டும் மனப்பாடம் செய்தால் இரண்டும் போகும். நமது அலுவலகச் சுவரில் நாற்பது சொற்களை எழுதி, எதிரே தமிழில் பொருளும் எழுதி ஒட்டியிருக்கிறோம். முதல் சொல் டிஸ்சார்ஜ்.

ஓர் ஆசிரியர் கேட்டது

இதையெல்லாம் ஒரு கல்லூரி ஆசிரியரிடம் சொன்னபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "வசதியான வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தில் உலகத்தையே படிக்கிறான். எங்கள் பிள்ளைக்கு மட்டும் பில்லும் ரசீதும் போதும் என்கிறீர்களா? உங்களுக்கு வேண்டியது கிளார்க். எங்களுக்கு வேண்டியது அவன் வாழ்க்கை" என்றார்.

நாம் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வடசென்னைப் பிள்ளை என்றைக்கும் கேட்டில் நின்று தாள் சரிபார்ப்பவனாகவே இருக்க வேண்டும் என்று நாம் விரும்பினால் அது பாவம். ஆனால் மற்றப் பாதியையும் பார்க்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளராத பிள்ளைக்கு, முதல் முதலில் 'இது எனக்குப் புரிகிறது' என்ற துணிவு எங்கே வரும்? தன் கையில் இருக்கும் வேலைத்தாளில்தான் வரும். நாமே அப்படித்தான் கற்றோம். அப்பாவின் மண்டியில் கணக்குப்பிள்ளை தந்தி வாசகம் எழுதச் சொல்வார். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்பதால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டுக் கற்றோம். அங்கிருந்து ஆங்கில நாளிதழ் படிக்கும் அளவுக்கு வந்தோம். முதல் படி சிறியதாக இருக்கலாம், அதோடு நிறுத்திவிடக் கூடாது என்று அவருக்குச் சொன்னோம். அவரும் ஒப்புக்கொண்டார். "அப்படியானால் தாள்களைக் கொடுங்கள்" என்றார்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, தாள்கள். நம் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் பழைய கோப்புகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. பில் ஆஃப் லேடிங், டெலிவரி ஆர்டர், பேக்கிங் லிஸ்ட், எடைச்சீட்டு, கேட் பாஸ், காப்பீட்டுப் படிவம், சரக்குக் குறைவுக்கு எழுதிய புகார்க் கடிதம் ஆகியவற்றில் வகைக்கு இரண்டு எடுத்து, பெயர், விலை, வங்கி விவரங்களை மையால் அடித்துவிட்டு நகல் எடுத்தால் ஓர் ஆண்டுக்கு வேண்டிய பாடம் தயார். நம் சங்கம் இவற்றைத் திரட்டி வட்டாரத்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம்.

இரண்டாவது, நேரம். மாதம் ஒரு மணி நேரம் ஒரு வியாபாரியோ கிளியரிங் ஏஜென்ட்டோ வகுப்புக்குப் போய், இந்தத் தாளில் எந்த வரியால் எனக்கு நஷ்டம் வந்தது என்று தமிழில் சொன்னால் போதும். ஆங்கிலத்தை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது, பயிற்சி. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின்படி பயிற்சியாளர்களை எடுக்க வழி இருக்கிறது. அவர்களுக்குத் தரும் உதவித்தொகையில் ஒரு பங்கை ஏற்கும் மத்திய அரசுத் திட்டம் 2016இல் தொடங்கப்பட்டது. எடுக்கும் பையனைத் தேநீர் வாங்க அனுப்பாமல், தாளைக் கையில் கொடுத்து உட்கார வைக்க வேண்டும்.

நான்காவது, நம் மனம் மாற வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்று கேட்கிறோம். சரளமாகப் பேசுபவனை எடுத்துக்கொண்டு, தடுமாறுபவனை அனுப்பிவிடுகிறோம். பேசத் தெரிந்தவனுக்குத் தாள் படிக்கத் தெரியுமா என்று நாம் பார்ப்பதில்லை. நேர்முகத்தில் ஓர் அறிவிப்பைக் கொடுத்து, கடைசி நாள் எது என்று கேட்போம். பதில் தமிழில் சொன்னாலும் சரி. நாம் இப்படிக் கேட்கத் தொடங்கினால் கல்லூரியும் அப்படிக் கற்பிக்கத் தொடங்கும். சந்தையில் எது விலை போகிறதோ அதைத்தான் பயிரிடுவார்கள் என்பது வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டிட்டென்ஷன் கட்டிய அந்தப் பையனை வேலையிலிருந்து நிறுத்தும்படி அன்று சிலர் சொன்னார்கள். நாம் நிறுத்தவில்லை. பணம் கட்டி ஒரு பாடம் வாங்கியாயிற்று, அதைக் கற்றவனையும் அனுப்பிவிட்டால் இரட்டை நஷ்டம் என்று எண்ணினோம். இன்று நமது இறக்குமதித் தாள்கள் அனைத்தும் அவன் கை வழியாகத்தான் போகின்றன. புதிதாக வருபவர்களுக்குச் சுவரில் ஒட்டிய நாற்பது சொற்களையும் அவனே சொல்லித் தருகிறான்.

அந்த வேலையைப் படிக்கும் காலத்திலேயே கல்லூரி செய்திருந்தால் நமக்கும் பணம் மிஞ்சியிருக்கும், அவனும் கண்கலங்கியிருக்க மாட்டான். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர்கள் தலைக்கு ஐந்து பழைய தாள்களின் நகலைக் கொண்டுவரும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.